நின்றால் ரசிக்கிறான்

எங்கள் ஊருக்குக் கடல் பார்க்க வருகிறவர்களைப் பற்றி என்னிடம் யாரும் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் அழுகிய வெங்காய மூட்டை, செத்த ஆடு, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த கப்பல் கேப்டனைக் கட்டிலோடு என்று எதை எதையோ தூக்கி இறக்கியிருக்கிறேன். எதற்கும் முகம் சுளித்ததில்லை. ஓய்வு பெற்று, கடற்கரைச் சாலையில் இருக்கிற என் சொந்த வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் குமட்டல் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன்.

வேன் வேனாக வந்து இறங்குவார்கள். இவ்வளவு தூரம் வந்தது கடலைப் பார்க்க. இறங்கியதும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பொரித்தது எதையாவது தின்றுவிட்டு எண்ணெய்க் கையை என் வாசல் கம்பியில் துடைப்பார்கள். சோளக் கருதைக் கடித்துவிட்டு என் பூந்தொட்டியில் நட்டுவிட்டுப் போவார்கள். செருப்புக்குள் போன மணலை என் படியில் உட்கார்ந்துதான் உதறுவார்கள். அந்த மணலை என் மனைவி தினமும் கூட்டிப் பின்பக்கம் கொட்டியதில் எங்களுக்கென்று தனியாக ஒரு கடற்கரையே உண்டாகிவிட்டது. ஒரு மழைக்காலத்தில் அதில் நண்டுகூட வளை தோண்டியது. அந்த நண்டுதான் இந்த ஊருக்கு வந்தவர்களில் ஒழுங்கானது. தான் தின்றதைத் தானே மூடியது.

எங்கள் வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு சந்து. சந்தின் கோடியில், வீட்டுக்குப் பின்னால் மறைந்தாற்போல் ஒரு பொதுக் கழிப்பறை. கடற்கரை முழுவதற்கும் அது ஒன்றுதான். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுச் சாவிக்காரம்மா உட்கார்ந்திருப்பாள். அவள் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். காலையில் தொடங்கும் வரிசை சந்தை நிரப்பி, சாலைக்கு வந்து, வெயிலில் வளைந்து நெளிந்து, விளக்கு போடும்வரை நிற்கும். நாற்றம்தான். கழிப்பறை நாறாமல் வேறென்ன செய்யும்? அதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

கெட்ட காலம் என் மனைவியின் தம்பி ரூபத்தில் வந்தது.

அவனுக்கு ஊரில் அத்தர் என்று பெயர். உடம்பில் அவ்வளவு பூசியிருப்பான். அவன் வருகிறான் என்பது தெருமுனையில் திரும்பும் முன்பே தெரியும். போய்விட்டான் என்பது மறுநாள் சாயங்காலம்தான் தெரியும். சுற்றுலா அலுவலகத்துக்கு அவன்தான் அதிகாரி. கடற்கரைச் சாலையின் மறுகோடியில் உயரமான கட்டடம் ஒன்றின் மொட்டைமாடிக்குக் கீழே அலுவலகம்.

வருஷா வருஷம் அந்த அலுவலகம் வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் போடும். நம் கடற்கரை நகரத்துக்கு வருகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று வரிசைப்படுத்தி எழுதியிருப்பார்கள். முன்பிருந்த அதிகாரிகளெல்லாம் சோம்பேறிகள். கலங்கரை விளக்கம் முதலில், மீன் ஏலக்கூடம் இரண்டாவது, படகுச் சவாரி மூன்றாவது என்று போன வருஷத்துப் புத்தகத்தைப் பார்த்து இந்த வருஷத்துக்கு எழுதிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். யாருக்கும் கெடுதல் இல்லை.

அத்தர் வந்ததும் இது விஞ்ஞானம் இல்லை என்றான். மொட்டைமாடியில் ஒரு பைனாகுலரை நட்டான். அதன் பின்னால் ஒரு குமாஸ்தாவை நட்டான். "நடக்கிறவன் சும்மா பாக்கிறான். நின்னான்னா ரசிக்கிறான். எங்க அதிகமா நிக்கிறாங்கன்னு மட்டும் பாரு, போதும்" என்று அவனுக்கு வேதம் ஓதினான்.

குமாஸ்தா பார்த்தான். கலங்கரை விளக்கத்தில் யாரும் நிற்கவில்லை; மாடிப்படியெங்கும் வௌவால் எச்சம், ஏறிய வேகத்தில் இறங்கினார்கள். மீன் ஏலக்கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் ஓடினார்கள். படகுச் சவாரிக்குப் போனவர்கள் திரும்பியதும் நேராக ஏதாவது ஒரு மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தார்கள். ஆனால் ஓரிடத்தில் மட்டும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஜனங்கள் நின்றார்கள். உச்சி வெயிலிலும் நகரவில்லை. அதுதான் எங்கள் சந்து.

அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கழிப்பறை தெரியாது. என் வீடு மறைத்துக்கொள்ளும். வரிசை மட்டும்தான் தெரியும். பைனாகுலரில் முகங்கள் தெரியும். ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒருத்திக்குக் கண்ணில் நீர் தளும்பியது. சிலர் ஒற்றைக் காலில் நின்று மெல்ல ஆடினார்கள். சிலர் வானத்தைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தார்கள். சந்துக்குள் போய்த் திரும்பி வந்தவர்களோ, கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவர்கள் மாதிரி நிதானமாக, யார்மேலும் எந்தக் கோபமும் இல்லாமல் நடந்து போனார்கள்.

"சார், இது ஏதோ பெரிய விஷயம் சார்" என்றான் குமாஸ்தா.

அப்படித்தான் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எங்கள் சந்து ஏறியது. 'இங்கே வேதனையோடு நுழைகிறவர்கள் அமைதியோடு வெளியேறுகிறார்கள்' என்று அத்தர் தன் கையாலேயே எழுதினான்.

அக்காள் வீட்டுப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தம்பிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. அவன் எங்கள் படியேறி வருஷக் கணக்காகிவிட்டது. வந்தாலும் அவன் மூக்குக்கு அவன் வாசனையைத் தாண்டி எதுவும் எட்டாது.

புத்தகம் அச்சாகி ஊரெல்லாம் போன பிறகு ஒரு நாள் வந்தான். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, உன் வீடு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமத்தான் தினமும் பெருக்கிக்கிட்டு இருக்கேனா?"

"ஊர்லயே முதல் இடத்துல இருக்கு! சரி, அந்தப் பக்கம் அப்படி என்னதான் இருக்கு? மண்டபமா? சிலையா? இல்ல, ஏதாவது ஊத்தா?"

"ஊத்துதான்" என்றேன் நான்.

என் மனைவி பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவன் எட்டிப் பார்த்தான். சாவிக்காரம்மா அப்போது, "அடுத்த ஆளு! சீக்கிரம் வாய்யா, உனக்காகவா கட்டி வச்சிருக்கு?" என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். என் மச்சினன் முகம் வெளுத்தது.

"அச்சாயிடுச்சே, அக்கா."

"கிழிச்சுப் போடு."

"தலைமை அலுவலகத்துக்குப் போயிடுச்சு. ரொம்பப் பாராட்டியிருக்காங்க. பெரியவரே நேர்ல பாக்க வர்றாராம்."

"வரட்டுமே, வரிசைல நிக்கச் சொல்லு. ரொம்ப அவசரம்னா நான் பேசி முன்னாடி விடச் சொல்றேன்" என்றேன்.

"அத்தான், என் பொழப்பு உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? தப்பாப் போட்டுட்டேன்னு சொன்னா வேலை போயிடும்."

"அதுக்கு?"

அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறியது. முட்டாளுக்கு யோசனை வருவதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறீர்களா? ஓணான் நிறம் மாறுவது போலவே இருக்கும்.

"தப்பை எதுக்குச் சொல்லணும்? சரியாக்கிடுவோம்" என்றான்.

சரியாக்கினான். வாரம் திரும்புவதற்குள் கழிப்பறைக்கு நீல ஓடு பதித்தார்கள். கதவுக்கு மெருகு, கைப்பிடிக்குப் பித்தளை, கூரைக்கு மேல் விளக்கு, முன்னால் சிவப்புக் கயிறு. கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஊரிலேயே முதலிடம் பெற்ற ஒரு இடத்துக்குள் போய் யாரும் ஒன்றுக்கு இருக்கக் கூடாது என்பது நியாயம்தானே.

சாவிக்காரம்மாவிடம் சாவி இல்லாமல் போனது. ஆனால் சீருடை வந்தது. தொப்பியோடு நின்று விளக்கம் சொல்கிற உத்தியோகம். அவள் அதற்கென்றே பிறந்தவள்.

"இதோ, இந்தக் கதவுதான். இதுக்குள்ள போனவங்க யாரும் போன மாதிரி திரும்பி வந்ததில்ல."

"ராஜா காலத்துல கட்டினதாம்மா?" என்று யாராவது கேட்பார்கள்.

"ராஜாவே வந்திருக்காரு. நின்னுதான் போனாரு."

ஜனங்கள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள். பூட்டிய கதவைப் பார்க்க முன்னைவிட மூன்று மடங்கு கூட்டம் வந்தது. ஒரு புதுமணத் தம்பதி கதவுக்கு முன்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கண் மூடி நின்றார்கள். ஒரு பேராசிரியர் கதவின் அடியில் இருக்கிற இடைவெளிக்கு விளக்கம் கேட்டார். "காத்துக்கு" என்றாள் சாவிக்காரம்மா. அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

அதெல்லாம் இருக்கட்டும். அத்தனை பேரும் குடித்த தண்ணீர் எங்கே போயிற்று?

என் சுவருக்கு.

கடற்கரையில் இருந்த ஒரே கழிப்பறையைப் பூட்டியாயிற்று. பூட்டியதைப் பார்க்க மூன்று மடங்கு கூட்டத்தைக் கூட்டியாயிற்று. சந்தில் மறைவாக இருந்தது என் வீட்டுப் பக்கச் சுவர் ஒன்றுதான். அதைப் பார்த்தவர்களெல்லாம் தாங்கள் வேதனையோடு நுழைந்தவர்கள் என்பதை உணர்ந்தார்கள். இருட்டக்கூடக் காத்திருக்கவில்லை. குடும்பத் தலைவன், அவன் தம்பி, அவன் மாமனார் என்று தோளோடு தோள் நின்று, நடுவே சினிமா பேசிக்கொண்டு, என் சுவரை நனைத்தார்கள். சுவரின் நிறம் மாறியது. முதலில் மஞ்சள், பிறகு பச்சை, அப்புறம் பெயர் தெரியாத ஒரு நிறம். சுண்ணாம்பு பொத்துப் பொத்து உதிர்ந்தது. ஈரம் மெல்ல ஏறி உள்பக்கம் எங்கள் படுக்கையறைக்கே வந்து, தலைமாட்டில் ஒரு கண்டத்தின் வரைபடம் போலப் படர்ந்தது. தினமும் அந்தக் கண்டத்துக்கு ஒரு புதுத் தீவு.

அந்த நாற்றத்தைப் பற்றிச் சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன். சுவர்க் கடிகாரம் மூச்சுத் திணறி நின்றது. காகங்கள் எங்கள் வீடு வந்ததும் இறக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டதால் இரண்டு மூன்று கீழே விழுந்தன. எங்களோடு வெகுநாள் இருந்த பல்லி குடும்பத்தோடு எதிர்வீட்டுக்குக் குடிபோயிற்று. போகும்போது வாசலில் நின்று எங்களைப் பார்த்து ஒரு தடவை உச்சுக்கொட்டியது. அனுதாபம்தான்.

நான் சமாளித்திருப்பேன். என் மனைவியால் முடியாது. அவளுக்கு மூக்கு அப்படி. நான்காவது வீட்டில் பால் காய்கிறதா பொங்குகிறதா என்று கையிலிருக்கிற வேலையை விடாமலே சொல்லுவாள். அப்படிப்பட்ட மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சமைத்தாள். கட்டிக்கொண்டே சாப்பிட்டாள். ஒரு நாள் தலையணையை முகர்ந்து பார்த்தாள். அன்றைக்கே அலமாரியிலிருந்து தன் துணிகளை எடுத்துக் கட்டிலில் அடுக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, இங்க வாங்க."

போனேன்.

"பெரியவர் வர்ற வரைக்கும் பொறுத்துக்கோன்னு தம்பி கால்ல விழாத குறையா கேட்டான். பொறுத்துக்கறேன். அன்னிக்குச் சாயங்காலமும் இந்தக் கண்றாவி நடந்துக்கிட்டு இருந்தா, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டேன். நீங்க இந்தச் சுவரோட குடும்பம் நடத்துங்க."

"சுவருக்குச் சமைக்கத் தெரியாதே."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எனக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். அதில்லை விஷயம். நான் சொல்கிற எதையும் நம்பாமல், ஆனால் கடைசி வரை கேட்கிற ஒரே ஆள் அவள்தான். நம்புகிறவர்கள் தெருவெல்லாம் கிடைப்பார்கள். அவர்களிடம் சொல்லி என்ன சுகம்? கேப்டனைக் கட்டிலோடு தூக்கிய கதையை நான் சொல்லும்போதெல்லாம், "போன தடவை அவர் போர்வை நீலமா இருந்துச்சு" என்று அவள் சொல்லாவிட்டால் அந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை.

ஆகவே களத்தில் இறங்கினேன். முதலில் சுவரில் பெரிய எழுத்தில், 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதினேன். வருகிறவர்கள் அதைக் கைகாட்டிப் பலகை என்று எடுத்துக்கொண்டார்கள். சந்து முனையிலிருந்தே, "அதோ, அங்கதான்" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசி எழுத்துக்கு நேராக நிற்பதற்குப் போட்டி வேறு. அங்கே நிழல் அதிகம்.

அடுத்து, மாடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். மறுநாள் குடையோடு வந்து, "எத்தனை மணிக்கு ஊத்துவாங்க?" என்று சாவிக்காரம்மாவிடம் கேட்டார்கள். அவள் நேரமும் சொல்லி அனுப்பினாள். சண்டாளி.

கடைசியாக என் மச்சினன் அலுவலகத்துக்கே படியேறிப் போனேன்.

"கதவைத் தொறந்து விடுப்பா. உங்கக்கா மூட்டை கட்டிட்டா."

"பெரியவர் வந்துட்டுப் போகட்டும், அத்தான். அப்புறம் பதவி உயர்வு. அப்புறம் நான் வேற ஊருக்குப் போயிடுவேன். வர்ற ஆளு பாத்துக்குவான்."

"அதுவரைக்கும் எல்லாரும் எங்க போறது?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அத்தான், வர்றவங்க ரசிக்கத்தானே வர்றாங்க?" என்றான்.

வாயைத் திறந்தால் அத்தர் உள்ளே போய்விடும் என்பதால் பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

பெரியவர் வரும் நாள் வந்தது. என் மனைவியின் பெட்டி கூடத்துக்கு வந்திருந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்து, மூக்குத் துணிக்கு மேலே தெரிந்த கண்களால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே, வரிசை நீளமாகத் தெரிய வேண்டும் என்று அத்தர் விடியற்காலையிலிருந்தே ஆட்களை நிறுத்தியிருந்தான். யாரும் நழுவிப் போய்விடாமல் இருபுறமும் கயிறு. நனைக்கிறவர்கள் பெரியவர் கண்ணில் படக் கூடாதென்று சுவருக்குப் பக்கத்தில் காவலுக்கு ஆள். நின்றவர்கள் சலித்துப் போகாமலிருக்க இலவச டீ, அதற்கு மேல் இலவசத் தண்ணீர். குடித்தார்கள். இலவசம் என்றால் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் கடலையே குடிப்பார்கள். வெயில் ஏற ஏற, பைனாகுலரில் தெரிந்தார்களே, உதடு கடித்தவன், கண் தளும்பியவள், அவர்கள் மாதிரியே ஊர்வலமாக நின்றார்கள். யாருமே பேசவில்லை. ஒருவன் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பெரியவர் காரிலிருந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். முகத்தில் எதுவும் எழுதியிருக்காது. மற்ற இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தார். போன இடமெல்லாம் அவருக்கு டீ கொடுத்திருக்கிறார்கள். அவர் குடித்த ஒவ்வொரு டீக்கும் மரியாதைக்கு அத்தரும் ஒன்று குடித்திருக்கிறான். அந்தப் பெரியவர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போனால் மறுநாள் காலைதான் என்கிற ரகம் என்பதை நான் பார்த்ததுமே கண்டுகொண்டேன். கல்லில் செய்த ஆள்.

என் மச்சினன் அப்படி இல்லை. பயந்தால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு கேட்காது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கூப்பிட்டாலே ஓடுவானாம். பெரியவர் சிவப்புக் கயிற்றுக்கு முன்னால் நின்று, "ம்" என்றார். சாவிக்காரம்மா ராஜா கதையை ஆரம்பித்தாள். அத்தர் ஒரு கால் மாற்றி நின்றான். மறுபடி மாற்றினான். "ஒரு நிமிஷம், சார்" என்றான். அடுத்த கணம் எங்கள் வாசல் கதவு இடிந்து விழுவது போலத் தட்டுகிற சத்தம்.

நான் எழுந்தேன். "உக்காருங்க" என்றாள் என் மனைவி. தானே போய்க் கதவின் இந்தப் பக்கம் நின்றாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை.

"யாரு?"

"நான்தான்க்கா. கதவைத் திற."

"எதுக்குடா?"

"சொல்ல முடியாதுக்கா."

"சொல்ல முடியாத காரியத்தை எல்லாம் என் வீட்டுக்குள்ள செய்யாதே."

"அக்கா, விளையாடாதே! நான் உன் தம்பி!"

"வெளிய வரிசைல நிக்கிறாங்களே, அவங்களும் யாரோ ஒருத்தியோட தம்பிங்கதான்."

"ஐயோ... அத்தான்! அத்தான் இருக்காரா?"

"இருக்கேன்ப்பா. ரசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"அப்ப நான் எங்கதான் போறது?" அவன் குரல் பிளந்துவிட்டது.

"சுவரு இருக்கே" என்றாள் என் மனைவி.

"அங்க காவலுக்கு ஆள் போட்டிருக்கேனே!"

"அப்ப சட்டைப்பைல என்னடா வச்சிருக்கே? இத்தனை நாளா சாவியைச் சுமந்துக்கிட்டு, என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

அவனைப் பதவி உயர்வு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் இழுத்திருக்கும். உடம்பு ஜெயித்தது. காலடிச் சத்தம் சந்துக்குள் ஓடியது. நாங்கள் இருவரும் பின்பக்க ஜன்னலுக்கு ஓடினோம்.

என் மச்சினன் பெரியவரைத் தாண்டினான். சிவப்புக் கயிற்றைத் தாண்டினான். சாவிக்காரம்மா, "ராஜா அப்ப சொன்னாரு..." என்று கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பூட்டைத் திறந்தான். பித்தளைப் பிடியைத் திருகினான். உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

வரிசை பார்த்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு உள்ளேயிருந்து, நீல ஓடுகளில் எதிரொலித்து, வந்த சத்தம் ஒன்று போதுமாயிருந்தது. "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான் முதலில் கயிற்றை அறுத்தான். அதற்கப்புறம் நடந்ததை நான் வர்ணிக்க மாட்டேன். சாப்பிட்டுவிட்டு வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள். அத்தர் வெளியே வருவதற்குள் இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள், பாவம். தரை வழுக்கியது. பேராசிரியர்கள், புதுமணத் தம்பதிகள், மாமனார்கள் எல்லாரும் ஒரே குட்டையில் கால் வைத்துப் போய் வந்தார்கள். புது ஓடு அன்று ஒரு மணி நேரத்தில் பத்து வருஷம் பழசானது. வாடை எழுந்து நின்றது. மடித்து வைக்கலாம் போல அவ்வளவு கெட்டி.

அத்தர் ஓரமாக நின்றான். நனைந்திருந்தான். அவன் மேல் அன்றைக்கு அத்தர் வாசனை வரவில்லை என்று என் மனைவி ஜன்னலிலிருந்தே சொன்னாள்.

பெரியவர் மட்டும் நகரவில்லை. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, வருகிற முகங்களைப் பார்த்தார். போகிற முகங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உங்க புத்தகத்துல என்ன எழுதியிருந்தீங்க?" என்றார் பெரியவர்.

"சார்... வேதனையோட நுழையிறவங்க... அமைதியோட..."

"ம்." இன்னும் இரண்டு முகங்களைப் பார்த்தார். "எத்தனையோ ஊர் போயிருக்கேன். புத்தகத்துல போட்ட மாதிரியே நடக்கிற இடத்தை இன்னிக்குத்தான் பாக்கிறேன். இதை ஏன் பூட்டி வச்சீங்க?"

"சார்?"

"பூட்டாதீங்க." காரில் ஏறிக்கொண்டார். கைக்குட்டையைச் சாலையில் எறிந்துவிட்டுப் போனார். என் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. அவரும் வருகிறவர்தானே.

சாவி சாவிக்காரம்மாவிடம் திரும்பியது. தொப்பியைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்து, "அடுத்த ஆளு!" என்று கத்தினாள். சந்தில் அப்புறம் யாரும் என் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. திரும்பிய ஒருவனையும் வரிசையில் நின்றவர்களே, "யோவ், அங்க இடம் இருக்குல்ல?" என்று அதட்டினார்கள்.

நான் மத்தியானம் முழுவதும் சுவரைத் தேய்த்தேன். வாளி, துடைப்பம், சோடா உப்பு. தேய்க்கத் தேய்க்க எனக்கு அதுவரை இந்த ஊருக்கு வந்துபோன அத்தனை பேரையும் நேரில் தெரிந்துவிட்டது போல இருந்தது. யாரையும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் என் மனைவி வெளியே வந்தாள். மூக்குத் துணியை அவிழ்த்தாள். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு சாண் தள்ளி மூக்கை வைத்து, மெதுவாக நடந்தாள். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரீட்சை முடிவுக்குக்கூட அப்படி நின்றதில்லை. நான் பரீட்சை எழுதியதும் இல்லை.

"இன்னும் நாறுது" என்றாள்.

"புதுசா யாரும் வரலை. இது பழசு. நாளைக்குச் சுண்ணாம்பு அடிச்சா போயிடும்."

"யாரு அடிக்கிறது?"

"நான்தான்."

"நீங்களா?" சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க அடிச்சா மேல அடிப்பீங்க, கீழ விட்டுடுவீங்க. கீழதான் நாத்தமே. ஒரு தடவை அடிச்சுட்டு மூணு தடவை அடிச்சேன்னு கதை விடுவீங்க. பக்கத்துல நின்னு பாக்க ஆள் வேணாமா?"

"வேணும்தான்."

"முழுசா அடிச்சு முடிக்கிற வரைக்கும் இருக்கேன். அப்புறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பெட்டியைக் கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் கடைக்குப் போய், இருப்பதிலேயே சின்ன பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி வந்தேன்.